அரசம்படுகையில் காவிரி நின்ற ஒன்றேகால் மணி நேரம்

என் பெயர் மலர்க்கொடி, வயது 38, கணவர் பெயர் வளவன், தகப்பனார் பெயர் இராஜாங்கம். நான் தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை சாலையில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பதினான்கு வருடமாக டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். அரசம்படுகை ரெகுலேட்டரில், அதாவது மதகில், ஆற்றை அடைக்கும் இரும்புப் பலகைகளை ஏற்றி இறக்கும் லஸ்கராகப் பணிபுரியும் வைரக்கண்ணு, வயது 57, என்பவர் கடந்த 19-ஆம் தேதி மேலதிகாரி உத்தரவு இல்லாமல் காவிரிப் பலகைகளை மூடித் தண்ணீரைக் கிளை ஆற்றில் திருப்பிவிட்டார் என்று கொடுக்கப்பட்டுள்ள புகார் சம்பந்தமாக, எனக்கு நேரில் தெரிந்ததைச் சொல்லும்படி அழைக்கப்பட்டு, இன்று ஜூன் மாதம் 21-ஆம் தேதி காலை 10 மணிக்கு என் கணவருடன் காவல் நிலையத்தில் ஆஜராகி இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் கணவருக்கு வயது 42. அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ரிக்கராக, அதாவது கனமான சாமான்களைக் கயிறும் சங்கிலியும் போட்டுத் தூக்கி இறக்கும் வேலையில், பதினோரு வருடம் இருந்தார். எங்களுக்குத் திருமணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் விடுப்பில் வந்துபோன நாட்களை எல்லாம் கூட்டினாலும் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது இரண்டு வருடத்துக்குக் குறைவு. எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த ஏப்ரல் மாதம் அவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். வந்த பிறகு வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தோமே தவிர அதிகம் பேசிக்கொள்ளவில்லை. காலையில் குளிக்கப் போவதற்கு முன்பு என்னிடம் கேட்டுவிட்டுப் போவார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, விருந்துக்கு வந்தவர் செய்வதைப் போல ஓரமாகக் கவிழ்த்து வைப்பார்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், கல்லணையில் தண்ணீர் திறக்கும்போது அதன் கூடவே காவிரிக் கரையோரமாகப் பூம்புகார் வரைக்கும் நடந்து போகலாமா என்று அவர் என்னைக் கேட்டார். சிங்கப்பூரில் விடுமுறை நாட்களில் முதுகில் பை மாட்டிக்கொண்டு வெகுதூரம் நடக்கிறவர்களோடு போய் அவருக்குப் பழக்கம் உண்டு. எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் நான் கேட்டேன். "தண்ணிக்கு எத்தன நாளோ அத்தன நாளு" என்றார். நான் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு முதுகுப்பைகள், இருவர் படுக்கும் கூடாரம் ஒன்று, சிறிய கேஸ் அடுப்பு, அவல், ரவை, இருபது மீட்டர் கயிறு ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். கயிறு எதற்கு என்று நான் கேட்டதற்கு, கயிறு இல்லாமல் வெளியே போய் அவருக்குப் பழக்கம் இல்லை என்றார்.

16-ஆம் தேதி சாயங்காலம் கல்லணையிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். அங்கே தண்ணீர் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. சனங்கள் பூவும் விதைநெல்லும் அள்ளிப் போட்டார்கள். ஆனால் ஒரு மைல் தள்ளிப் போனதும் சத்தம் அடங்கிவிட்டது. நான் டெல்டாவில் பிறந்தவள். மயிலாடுதுறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஆற்றில் தண்ணீர் இருப்பதையும் பார்த்திருக்கிறேன், இல்லாததையும் பார்த்திருக்கிறேன். அது வருவதை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.

தண்ணீரின் முனை ஒரு விரல்கடை உயரம்தான் இருந்தது. முன்னால் பழுப்பு நுரை, அதில் சருகு, புளியங்காய் ஓடு, யாரோ போட்ட செவ்வந்திப்பூ. அது நேராக வரவில்லை. ஒரு இடத்தில் நின்று பள்ளத்தை நிரப்பிவிட்டு, நிரம்பிய பிறகு வேறு பக்கமாக வழிந்து புறப்பட்டது. காய்ந்த மணலில் ஏறும்போது உள்ளே இருந்த காற்று வெளியே வந்து மணல் முழுவதும் சின்னச் சின்னதாகக் கொப்புளித்தது, தோசைக்கல்லில் மாவு வேகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் மணலுக்குள் இருந்த எறும்பும் பூச்சியும் வெளியேறி ஓடின. அவற்றைப் பிடித்துத் தின்றுகொண்டு கொக்குகளும் மைனாக்களும் தண்ணீருக்கு நாலடி முன்னால் நடந்தே வந்தன. நாங்கள் நின்றால் தண்ணீர் எங்களைத் தாண்டிப் போனது. நடந்தால் பின்தங்கியது. என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றுக்குள் இறங்கி, அதற்கு முகம் காட்டிப் பின்பக்கமாகவே வெகுநேரம் நடந்தார். நான் புகைப்படம் எடுக்கப் போனைக் கையில் எடுத்தேன், ஆனால் எடுக்கவில்லை.

17-ஆம் தேதி காலையில் நாங்கள் கூடாரத்தைச் சுருட்டியபோது தண்ணீர் எங்களைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போயிருந்தது. நாங்கள் படுத்திருந்தபோதும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அதைப் பிடிக்க வேகமாக நடந்ததில் எனக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வந்துவிட்டது. மதியம் ஒரு நுணா மரத்தடியில் உட்கார்ந்து என் கணவர் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டினார். அப்போதுதான் அவர், தான் வேலையை விட்டதற்கான காரணத்தைச் சொன்னார். இது புகாருக்குச் சம்பந்தம் இல்லாதது என்று அதிகாரி சொன்னதற்கு, சம்பந்தம் உண்டு, பின்னால் தெரியும் என்று சொல்லி இதைப் பதிவுசெய்யக் கேட்டுக்கொண்டேன்.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த மூஸா என்பவர், குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் இறங்கி வேலை செய்தபோது மண் சரிந்து இடுப்பளவு புதைந்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பதறிப்போய் அவர் கைகளைப் பிடித்து மேலே இழுத்திருக்கிறார்கள். இழுத்த அசைவில் மறு பக்கத்து மண்ணும் சரிந்து தலைக்கு மேல் மூடிவிட்டது. "இழுத்ததுல நானும் ஒருத்தன்" என்றார் என் கணவர். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது, போனில் தினமும் என்னோடு பேசிய மனிதர் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டி முடித்த பிறகும் அவர் என் காலைக் கீழே விடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அதன் பிறகு எழுந்து நடந்தோம். அன்றைக்கு மீதிப் பொழுது முழுவதும் பேசிக்கொண்டே போனோம்.

18-ஆம் தேதி திருவையாற்றைத் தாண்டினோம். அங்கே படித்துறையில் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுவதைக் கணுக்கால் நனைய நின்று பார்த்தோம். சாயங்காலம் அரசம்படுகை ரெகுலேட்டருக்கு வந்து சேர்ந்தோம். அங்கே காவிரிக்கு ஐந்து பலகைகளும், வலது பக்கம் பிரியும் கிளை ஆற்றுக்கு இரண்டு பலகைகளும் இருக்கின்றன. எல்லாப் பலகையும் மூடியிருந்தது. தண்ணீர் வந்து தேங்க ஆரம்பித்திருந்தது. மேற்படி வைரக்கண்ணுவை அங்கேதான் முதன்முதலில் பார்த்தோம். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். கல்லணையிலிருந்து நடந்து வருகிறோம் என்றோம். "ஏன், பஸ்ஸு ஓடலயா?" என்று கேட்டார். அதன் பிறகு சிரித்துக்கொண்டே, ராத்திரியில் அளவு ஏறிவிடும், காலை ஒன்பது மணிக்குக் காவிரிப் பலகைகள் ஒவ்வொன்றையும் ஓரடி தூக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, கிளை ஆற்றில் ஒரு கிலோமீட்டர் கீழே பால வேலை நடப்பதால் அந்தப் பலகைகளை இப்போதைக்குத் தூக்கக் கூடாது என்று விவரம் சொன்னார். முப்பத்தொரு வருடமாக அந்த வேலையில் இருப்பதாகவும் சொன்னார்.

19-ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு அவரிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டோம். தண்ணீர் பின்னால் வரட்டும், அதற்கு முன்னால் காய்ந்த ஆற்றுக்குள்ளேயே கொஞ்ச தூரம் நடந்துவிடலாம் என்று இறங்கினோம். மெதுவாகத்தான் நடந்தோம், நடுவில் நாணல் நிழலில் உட்கார்ந்து அவல் சாப்பிட்டோம். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் போனதும், பத்து மணி சுமாருக்கு, ஒரு வெள்ளாட்டுக்குட்டி மணலில் ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் கிட்டப் போயும் அது ஓடவில்லை. அதன் காலடியில் ஒரு பள்ளம் இருந்தது. கோடையில் குடிதண்ணீருக்காக ஊரார் ஆற்றில் தோண்டும் ஊற்று அது. தண்ணீர் கீழே இறங்க இறங்க ஆழப்படுத்தி ஏழடிக்குக் குறையாமல் போயிருந்தது. அதற்குள் ஒரு அம்மாள் மார்பு வரைக்கும் மணலில் புதைந்து நின்றுகொண்டிருந்தார்.

அவர் பெயர் பூவம்மாள், வயது 63, நாணல்படுகை கிராமம், ஆடு மேய்ப்பவர் என்பது பிறகு எனக்குத் தெரியவந்தது. தண்ணீர் வருவது தெரிந்து ஆடுகளைக் கரையேற்றிவிட்டு, ஊற்றில் விழுந்த குட்டியைத் தூக்க இறங்கியிருக்கிறார். குட்டியைத் தூக்கி மேலே விட்டதும் பக்கவாட்டு மணல் சரிந்துவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் கேட்டது, "தண்ணி எங்க வருது?" என்பதுதான்.

நான் குனிந்து அவர் கையைப் பிடிக்கப் போனேன். என் கணவர் என்னைப் பின்னால் தள்ளினார். திருமணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைத் தள்ளியது அந்த ஒரு முறைதான். "இழுக்கக் கூடாது. யாரும் இழுக்கக் கூடாது" என்றார். அதன் பிறகு பள்ளத்தின் விளிம்பிலிருந்து என்னை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, கயிற்றை எடுத்து அந்த அம்மாளின் அக்குளுக்குக் கீழே சுற்றி, இழுப்பதற்காக அல்ல, மேலும் இறங்காமல் இருப்பதற்காக, மறு முனையைக் கொஞ்சம் தள்ளி இருந்த கருவேல மரத்தில் கட்டினார். நான் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தேன். வண்டி புறப்பட்டுவிட்டது, வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

எங்கள் சத்தத்தைக் கேட்டுக் கரையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக் என்பவரும் அவர் மனைவி நஜ்மாவும் ஓடிவந்தார்கள். பக்கத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஆறு பெண்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். சுற்றிலும் பலகை கொடுத்து மணலைத் தாங்கினால்தான் தோண்ட முடியும் என்று என் கணவர் சொன்னதும், ஜாஃபர் சாதிக் பட்டறைக்கு ஓடி, யாரோ புது வீட்டுக்குச் செய்து வைத்திருந்த கதவுகளைத் தூக்கி வந்தார். நாலு கதவு வந்தது. ஒரு கதவில் மயில் செதுக்கியிருந்தது. அவற்றைப் பள்ளத்துக்குள் நாலு பக்கமும் இறக்கிக் குறுக்கே கட்டை கொடுத்து, நடுவில் என் கணவர் இறங்கிக் கையால் மணலை அள்ளிக் குடத்தில் போட, மற்றவர்கள் மேலே வாங்கினார்கள்.

அப்போது பள்ளத்தின் அடியில் ஈரம் ஏறுவதை நான் பார்த்தேன். ஆற்றின் மேல் தண்ணீர் இன்னும் வரவில்லை, ஆனால் மணலுக்குள் அது முன்னதாகவே வந்துவிட்டது. அள்ளிய இடம் திரும்பக் கூழாக நிரம்பியது. என் கணவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒன்பது மணிக்குத் தொறந்திருப்பார். பன்னெண்டுக்குள்ள இங்க வந்துரும். அவர் நிறுத்தினாத்தான் உண்டு. நீ போ" என்றார். வைரக்கண்ணுவின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. நஜ்மா தன் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். கரைப் பாதையில் போகும்போது கீழே ஆற்றில் தண்ணீரின் முனையைப் பார்த்தேன். மூன்று நாளாக அதைப் பார்த்துப் பார்த்தும் எனக்குப் போதாமல் இருந்தது. அன்றைக்கும் அதே கொக்குகள், அதே நுரை, வெயிலில் மினுமினுப்பு. அது அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

10.40 மணிக்கு ரெகுலேட்டருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐந்து பலகைகளுக்கும் கீழே தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் நின்றால் உள்ளங்கால் அதிர்ந்தது. வைரக்கண்ணு பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். "எதுவரைக்கும் பொதஞ்சிருக்காங்க?" என்றார். மார்பு வரைக்கும் என்றேன். "அடியில ஊத்து ஏறுதா?" என்றார். ஏறுகிறது என்றேன். உடனே மேலதிகாரிக்குப் போன் செய்தார். மணி அடித்து நின்றது. மறுபடியும் இரண்டு முறை செய்தார், எடுக்கவில்லை. அந்த மூன்று அழைப்பும் என் முன்னால்தான் நடந்தது.

அதன் பிறகு அவர் தேங்கி நிற்கும் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். காவிரியை மட்டும் மூடினால் பின்னால் அளவு ஏறிக் கரையைக் கரைக்கும், கிளை ஆற்றைத் திறந்துதான் ஆக வேண்டும், திறந்தால் கீழே பால வேலைக்குப் போட்ட மண் தடுப்பு போய்விடும் என்று தனக்குத் தானே சொல்வதைப் போலச் சொன்னார். அவர் பால வேலைக் காவலாளிக்குப் போன் போட்டு, "ஆளுங்க எல்லாரையும் மேல ஏத்து. மெஷினையும் ஏத்து. பத்து நிமிஷத்துல தண்ணி வருது. ஏத்திட்டுச் சொல்லு, அப்பறந்தான் நான் தொறப்பேன்" என்றார். எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று பதில் வந்த பிறகுதான் கிளை ஆற்றுப் பலகையில் கை வைத்தார். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பத்து நிமிடமும் நான் அவரைத் திட்டிக்கொண்டு நின்றேன். சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் வந்ததும் கிளைப் பலகைகளைத் தூக்கினார். பிறகு காவிரிப் பலகைகளுக்கு வந்து, "ஆறு செத்த நேரம் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதல் சக்கரத்தைச் சுற்றினார். தனியாகச் சுற்றினால் நேரமாகும் என்று நானும் நஜ்மாவும் கூடச் சேர்ந்து கைப்பிடியைப் பிடித்தோம். அவர் எங்களைக் கூப்பிடவில்லை. ஐந்தாவது பலகை அடியில் போய்த் தட்டியபோது மணி 11.05. என் உள்ளங்காலுக்குக் கீழே இருந்த அதிர்வு நின்றுவிட்டது.

நான் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். மேற்கே கரைக்குக் கரை தண்ணீர், அதில் மேகம் தெரிந்தது. கிழக்கே பலகைக்குக் கீழே தண்ணீர் வடிந்து வடிந்து குட்டைகளாகப் பிரிந்து, அந்தக் குட்டைகளில் கெண்டைக் குஞ்சுகள் துள்ளின. நடுவில் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு. அதன் மேல் துண்டைத் தலையில் கட்டிய ஒரு மெலிந்த மனிதர், கை முழுக்கக் கிரீஸோடு, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக நாங்கள் எதன் பின்னால் நடந்து வந்தோமோ அது அந்த மனிதரின் சொல்லுக்கு நின்றது. நான் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று அதிகாரி கேட்டார். எனக்கே தெரியவில்லை என்று சொன்னேன்.

வைரக்கண்ணு அங்கே உட்கார்ந்தபடியே பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, நேரத்தைக் குறித்து, "மனித உயிர் காக்க காவிரி பலகை 5 இறக்கம், என் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உத்தரவு யார் கொடுத்தது என்ற கட்டத்திலும் தன் பெயரையே எழுதினார். அதைக் காலியாக விடலாமே என்று நான் கேட்டேன். "காலியா வுட்டா வேற யார் பேரையாவது எழுதிடுவாங்கம்மா" என்றார்.

அதன் பிறகு ஊற்றில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. என் கணவர் சொல்லித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பலகை மூடிய பிறகும் ஏற்கெனவே கீழே போன தண்ணீர் நகர்ந்து வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தோண்டிக்கொண்டிருந்த யாரும் தலை நிமிரவில்லை. பூவம்மாள் ஒருவர்தான் மேற்கு பார்த்து நின்றிருக்கிறார், மணல் சரிந்து அந்தப் பக்கத்து விளிம்பு தணிந்திருந்ததால் கதவுகளின் இடுக்கு வழியாக அவருக்கு மட்டும்தான் ஆறு தெரிந்திருக்கிறது. வேப்பமரத்தண்ட வந்துட்டு, தரைப்பாலத்துக்கிட்ட வந்துட்டு என்று அவர்தான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மயக்கமாகிவிட்டாரோ என்று என் கணவர் அவர் கன்னத்தைத் தட்டியிருக்கிறார். அப்போது அவர், "நின்னுடுச்சு தம்பி" என்றாராம். எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். நாற்பதடி தூரத்தில் தண்ணீர் நின்று, வந்த நுரையை மணலில் விட்டுவிட்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஜாஃபர் சாதிக் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டாராம்.

ஊற்று ஏறுவதும் குறைந்தபடியால் அதன் பிறகு அள்ளிய இடம் அள்ளியபடி இருந்திருக்கிறது. தீயணைப்பு வீரர்கள் 11.50-க்கு வந்து கூடச் சேர்ந்து, முழங்கால் வரைக்கும் மணலை எடுத்து, ஒவ்வொரு காலாக அசைத்து விடுவித்து, 12.15-க்கு அந்த அம்மாளைத் தூக்கிக் கரையேற்றினார்கள். இடது கணுக்கால் எலும்பு முறிந்திருக்கிறது. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நேற்று நாங்கள் போய்ப் பார்த்தோம். நன்றாகப் பேசுகிறார், ஆடுகளை யார் பார்க்கிறார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

அம்மாளைத் தூக்கியாயிற்று என்று என் கணவர் எனக்குப் போன் செய்ததும் வைரக்கண்ணுவிடம் சொன்னேன். அவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். 12.20-க்குக் காவிரிப் பலகைகளைப் பழையபடி ஓரடி தூக்கினார், கிளைப் பலகைகளை இறக்கினார். ஆக மொத்தம் காவிரி நின்றது ஒன்றேகால் மணி நேரம். மேலதிகாரி அதன் பிறகுதான் திரும்பக் கூப்பிட்டார். அவர் பேசியதை நான் கேட்கவில்லை. வைரக்கண்ணு, "ஆமாங்க சார். நான்தாங்க சார்" என்று மட்டும் சொன்னார். கிளை ஆற்றில் பால வேலைக்குப் போட்ட மண் தடுப்பு அடித்துக்கொண்டு போனது உண்மை. ஆட்களுக்கோ இயந்திரத்துக்கோ சேதம் எதுவும் இல்லை.

நான் ஸ்கூட்டியில் திரும்பி வந்தபோது என் கணவர் அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதவுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். அவருடைய பத்து விரல் நகங்களிலும் ரத்தம் கட்டியிருந்தது. பிற்பகல் மூன்று மணி சுமாருக்குத் தண்ணீர் வந்தது. அது பள்ளத்தின் விளிம்புக்கு வந்து ஒரு கணம் நின்றது, பிறகு உள்ளே சரிந்தது. ஏழடிப் பள்ளம் நிரம்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நிரம்பிய பிறகு அங்கே பள்ளம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. நான் அந்தத் தண்ணீரில் அவர் கைகளைக் கழுவிவிட்டேன். அவர், "இழுக்கல மலரு" என்றார்.

வைரக்கண்ணு எங்களுக்கு உறவோ முன்பின் பழக்கமோ இல்லை. அவர் என்னிடமிருந்து எதுவும் பெறவில்லை. நான் போய்ச் சொல்லாவிட்டால் அவர் பலகையில் கை வைத்திருக்க மாட்டார். ஆகவே இதில் குற்றம் உண்டென்றால் முதல் பங்கு எனக்கு. புகாரில் அவர் "தண்ணீரைத் தடுத்தார்" என்று எழுதியிருப்பதாக வாசித்துக் காட்டினார்கள். அவர் நிறுத்தி வைத்தார், உயிர் கரையேறியதும் அவரே திறந்துவிட்டார் என்று என் வாக்குமூலத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அப்படியே எழுதப்பட்டது.

இன்று காலை நாங்கள் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது வைரக்கண்ணு வெளியே வேப்பமரத்து நிழலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விசாரணை முடியும் வரை அவரை ரெகுலேட்டர் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்காமல், "தண்ணி எதுவரைக்கும் போயிருக்கு?" என்று கேட்டார். திருவிடைமருதூர் தாண்டிவிட்டதாகக் காலையில் தெரிந்தவர்கள் போனில் சொன்னார்கள் என்று என் கணவர் சொன்னார். முப்பத்தொரு வருடத்தில் தான் திறந்துவிட்ட தண்ணீர் கடலில் சேர்வதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, அந்த நாட்களில் லீவு கிடைக்காது என்று அவர் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு, இப்போது லீவுதான் என்றார். நாங்கள் இன்று பிற்பகல் பஸ்ஸில் போய் விட்ட இடத்தைப் பிடித்து நடக்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று என் கணவர் கூப்பிட்டார். அவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். அதிகாரி அனுமதி கொடுத்தால் வருகிறேன் என்றார். விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் நாங்கள் மூவரும் உடனே திரும்பி வருவோம் என்று நான் உறுதி கூறி, அந்த அனுமதியை இந்த வாக்குமூலத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன், நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான் பார்த்தவை பார்த்தபடியும், கேட்டவை கேட்டபடியும் இதில் உள்ளன. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சுயநினைவோடு சொன்னது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
வ. மலர்க்கொடி

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. லஸ்கர் வைரக்கண்ணு ஜூன் 27 வரை வெளியூர் செல்ல ஆட்சேபனை இல்லை.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்